பழைய தமிழ்ப் படங்களில் வரும் சொகுசுக் கார்களை அடையாளம் காணும் முறை: முழுமையான வழிகாட்டி

கறுப்பு வெள்ளைப் படங்களில் மில் முதலாளியின் பங்களா போர்ட்டிகோவில் வந்து நிற்கும் அந்த நீளமான கார் எந்த நிறுவனத்தின் எந்த ஆண்டு மாடல் என்று கண்டுபிடிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் என் வீட்டுக்கு இதற்கென்றே வந்து உட்காரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கார் திரையில் தோன்றிய உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பெயருக்குப் பொருந்துகிற அடையாளங்களை மட்டுமே பார்க்கிறார்கள். பின்பக்கம் இறக்கை எழும்பிய எந்தக் கார் வந்தாலும் அது செவர்லேயின் இம்பாலா ஆகிவிடுகிறது. ஃபுட்போர்டு வைத்த எந்தக் கார் வந்தாலும் அது ரோல்ஸ் ராய்ஸ் ஆகிவிடுகிறது. கீழே உள்ள வரிசை, பெயர் சொல்வதைக் கடைசி வரை தள்ளிப்போடுவதற்காக அமைக்கப்பட்டது. ஆகவே படிகளை இடம் மாற்றாமல் செய்யுங்கள்.

1. உட்காரும் முன் தேவையானவை

முதல் தேவை, ஒரே படத்தின் இரண்டு வெவ்வேறு நகல்கள். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நகலில் மேலும் கீழும் வெட்டப்பட்டுப் பம்பர் மறைந்திருக்கலாம். பழைய குறுந்தகட்டு நகலில் பம்பர் இருந்தும் தெளிவு போதாமல் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கப்பட்ட நகல்களும் வண்ணம் பூசப்பட்ட நகல்களும் நிறையக் கிடைக்கின்றன. கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அடையாளம் காணும் வேலைக்கு இவற்றை ஒதுக்கிவிடுங்கள். மங்கலாக இருந்த கிரில்லில் (காரின் முகப்பில் உள்ள கம்பிச் சல்லடை) இல்லாத கம்பிகளையும், வீல் கப்பில் இல்லாத எழுத்துகளையும் அந்த மென்பொருள் தானாகவே வரைந்துவிடும். பூசிய வண்ணமும் ஊகம்தான். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, கார் ஒற்றை நிறமா இரட்டை நிறமா, இரட்டை என்றால் எந்தப் பகுதி அடர்த்தி என்பது மட்டுமே.

இரண்டாவது தேவை, காட்சியைச் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) நகர்த்தும் வசதி. கணினியில் வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில 'இ' (E) விசை ஒவ்வொரு சட்டமாக முன்னே நகர்த்தும். யூடியூபில் காட்சியை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையால் முன்னேயும் காற்புள்ளி விசையால் பின்னேயும் போகலாம். கார் திரும்பும் அரை விநாடியில் பின்புற விளக்கு தெரிந்து மறையும் காட்சிகள் ஏராளம் என்பதால் இது இல்லாமல் வேலை ஓடாது. மூன்றாவதாக ஒரு நோட்டு வேண்டும்.

2. படத்தின் விகிதத்தையும் திசையையும் சரிபாருங்கள்

பழைய படங்கள் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் அகலத்திரை முறையான சினிமாஸ்கோப் வந்ததே 1973-இல்தான். ஆனால் இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காகப் பல நகல்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். இழுக்கப்பட்ட படத்தில் நடுத்தரமான ஒரு ஆங்கிலேயக் கார்கூட அமெரிக்கக் கார் போல நீண்டும் தாழ்ந்தும் தெரியும். கார் முழுப் பக்கவாட்டில் வரும் சட்டத்தில் நிறுத்தி, சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால், அது வட்டமாகும் வரை விகிதத்தை மாற்றிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்தது திசை. பதிப்புரிமைத் தடையைத் தவிர்ப்பதற்காகச் சிலர் பாடல் காட்சிகளை இடம் வலமாகத் திருப்பி ஏற்றுகிறார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதை மட்டும் வைத்துத் திருப்பப்பட்ட நகல் என்று முடிவு செய்யக் கூடாது. வெளிநாட்டுத் தூதரகத்தார் கொண்டுவந்த கார்களை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் பின்னர் விற்பனைக்கு விட்டதுண்டு. அவற்றில் இடப்பக்க ஸ்டியரிங் வைத்தவையும் உண்டு. அதனால் மனிதர்களைப் பாருங்கள்: சேலை முந்தானை இடது தோளில் விழ வேண்டும், சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும். இவை மாறியிருந்தால் படம்தான் திருப்பப்பட்டிருக்கிறது.

3. ஆண்டின் மேல் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்

படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழின் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். கார் அந்தத் தேதிக்குப் பிந்திய மாடலாக இருக்க முடியாது. எளிய விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாமல், 1958-இல் வெளியான படத்தில் 1960 மாடலைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க நிறுவனங்கள் ஒரு மாடலை அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்பே, முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு விட்டுவிடும். 1957 மாடல் 1956 அக்டோபர் வாக்கில் அங்கே கடைக்கு வந்துவிட்டது. அது கப்பலேறிச் சுங்கம் கடந்து இங்கே வருவதற்கு மேலும் காலம் பிடிக்கும். ஆகையால் சான்றிதழ் ஆண்டும் மாடல் ஆண்டும் ஒன்றாகவே இருப்பதாகத் தோன்றினால், உங்கள் முடிவை இன்னொரு முறை சோதிப்பது நல்லது.

படத்தின் பெயரே தெரியாமல் ஒரு பாடல் துண்டு மட்டும் கையில் இருக்கும்போது பின்னணி இடம் உதவும். வைகை அணைப் பூங்கா படப்பிடிப்புக்காரர்களுக்குப் பிடித்தமான இடமாக இருந்தது. அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில். அணையும் பூங்காவும் காரின் பின்னால் தெரிந்தால் காட்சி அதற்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்காது. கார் அதற்குப் பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சான்றிதழும் பின்னணியும் காட்சியின் காலத்தைச் சொல்லும். காரின் வயதைச் சொல்வது காரின் உடல்தான்.

4. பெயருக்கு முன் உடலமைப்பு

இந்தப் படியில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: முன் கண்ணாடி, ஹெட்லைட், நீளம்.

முன் கண்ணாடி நடுவில் செங்குத்துப் பட்டையுடன் இரண்டு துண்டாக இருந்தால், அமெரிக்கக் காரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் 1950-களின் தொடக்கத்துக்கு மேல் போகாது. செவர்லே 1952 வரை இரண்டு துண்டுக் கண்ணாடியும், 1953 முதல் வளைந்த ஒற்றைக் கண்ணாடியும் வைத்தது. கண்ணாடியின் இரு ஓரங்களும் பக்கவாட்டுக்கு மடங்கி, கதவருகே உள்ள தூண் முழங்கால் போல மடிந்திருந்தால், அது 1950-களின் நடுவிலிருந்து 1960 வரையிலான காலம். செவர்லே 1955-இல் இதைக் கொண்டுவந்து 1961 மாடலில் கைவிட்டது. கதவைத் திறந்து இறங்கும் காட்சியில் இந்த மடிப்பு நன்றாகத் தெரியும். கதாநாயகி இறங்குவதைப் பார்க்கும் கண் அந்தத் தூணையும் பார்க்கப் பழக வேண்டும்.

ஹெட்லைட் பக்கத்துக்கு இரண்டாக, மொத்தம் நான்கு இருந்தால் அமெரிக்கக் கார் 1957-க்கு முந்தியதாக இருப்பது அரிது. 1958-இல்தான் அது பரவலாயிற்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1957 பிளைமவுத்தில் நான்கு விளக்கு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் உள்பக்கம் இருப்பவை பார்க்கிங் விளக்குகள். அவை சற்றுச் சிறியவை. இரவுக் காட்சியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

நீளத்தைக் கண்ணளவில் சொல்லாதீர்கள். பக்கவாட்டுச் சட்டத்தில் டயரின் விட்டத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அது எத்தனை முறை அடங்குகிறது என்று அளந்து பாருங்கள். அம்பாசிடரில் நான்குக்குச் சற்றுக் குறைவாக வரும். 1959 இம்பாலாவில் நான்கைத் தாண்டும். அம்பாசிடரின் சக்கர இடைவெளி சுமார் 2.46 மீட்டர், இம்பாலாவினுடையது சுமார் 3.02 மீட்டர். முழு நீளத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: 4.3 மீட்டருக்கு எதிரே 5.36 மீட்டர். தெருவில் பக்கத்தில் ஓர் அம்பாசிடர் நின்றால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. முகப்பிலிருந்து நிறுவனம்

நிறுவனத்தைச் சொல்வது முகப்பு. பானெட்டின் மேல் உள்ள சிலையையோ முத்திரையையோ முதலில் பார்க்காதீர்கள். அவை உடைந்தும் திருடப்பட்டும் வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டும் இருக்கும். கிரில் அப்படி எளிதில் மாறுவதில்லை.

பியூக்கின் கிரில்லில் 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் தடித்த செங்குத்துப் பற்கள் இருக்கும். அதோடு 1949 முதல் முன் மட்கார்டின் பக்கவாட்டில் வட்டமான துளைகள் வரிசையாக இருக்கும்: உயர்ந்த ரகமான ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நான்கு, மற்றவற்றில் பலவற்றுக்கு மூன்று. பக்கவாட்டுக் காட்சி மட்டும் கிடைத்த இடத்தில் இந்தத் துளைகளே போதும். போன்டியாக்கில் பானெட்டின் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் நிக்கல் பட்டைகள் இருக்கும். 1957 மாடலில் அவை போய்விட்டன. ஸ்டூடிபேக்கர் 1950, 1951 மாடல்களில் மூக்கின் நடுவே துப்பாக்கித் தோட்டா வடிவில் ஒரு கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஃபோர்டில் 1949-க்கும் 1950-க்கும் கிரில்லின் நடுவில் ஒரே ஒரு வட்டக் குமிழ். 1951-இல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ரோல்ஸ் ராய்ஸின் முகப்பு, மேலே முக்கோணமும் கீழே செங்குத்துத் தகடுகளுமாகக் கோயில் மண்டப முகப்பு போல் நேர்கோடுகளால் ஆனது. இந்த நேர்கோடு இல்லாமல் ஃபுட்போர்டும் தனி ஹெட்லைட்டும் மட்டும் இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வேறு எந்தக் காராகவும் இருக்கலாம்.

செவர்லேயின் 1955, 1956, 1957 ஆகிய மூன்று மாடல்களையும் புதியவர்கள் ஒன்றாகவே பார்க்கிறார்கள். உடல் ஏறத்தாழ ஒன்றுதான் என்பது உண்மை, முகம் வேறு. 1955-இல் கிரில் அகலம் குறைந்த, சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்ட சல்லடை. 1956-இல் அது காரின் முழு அகலத்துக்கும் விரிகிறது. 1957-இல் பானெட்டின் மேல் நடு முத்திரைக்குப் பதிலாக இரண்டு நீண்ட கூம்புகள் இருபுறமும் வருகின்றன. பின்பக்க மட்கார்டும் கூரிய இறக்கையாக நீள்கிறது.

6. பின்புறத்திலிருந்து ஆண்டு

முகப்பு நிறுவனத்தைச் சொன்னால், ஆண்டைத் திட்டமாகச் சொல்வது டெயில் லைட். அந்தக் காலத்து அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றின. மாற்றம் அதிகம் நடந்தது பின்புறத்தில். ஆகவே கார் புறப்பட்டுப் போகும் காட்சி கிடைக்கும் வரை படத்தை ஓட்டுங்கள். பெரும்பாலான படங்களில் கார் வருவதும் போவதும் இரண்டுமே இருக்கும்.

இம்பாலாவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழ்த் திரையில் அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவது அதுதான். 1958-இல் பக்கத்துக்கு மூன்று சிறிய வட்ட விளக்குகள் ஒரு குழிவான வளைவுக்குள் இருக்கும். 1959-இல் இறக்கைகள் படுக்கைவாட்டில் இரண்டு பக்கமும் விரிந்து, அவற்றின் கீழே பூனைக்கண் வடிவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய விளக்கு இருக்கும். இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும்தான் அப்படி. 1960-இல் இறக்கை விரிந்தபடியே இருந்தாலும், விளக்குகள் மீண்டும் பக்கத்துக்கு மூன்று வட்டம். 1961-இல் இறக்கை ஏறத்தாழ மறைந்து ஒரு மடிப்புக் கோடாகிவிடுகிறது, விளக்கு மூன்றே. 1962-இல் அந்த மடிப்பும் போய்ப் பின்புறம் நேராகிவிடுகிறது.

இதே உடலுடன் செவர்லேயின் மலிவான ரகங்களான பெல் ஏரும் பிஸ்கேனும் இருந்தன. 1958, 1960, 1961, 1962 மாடல்களில் அவற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு விளக்குகள்தான். எனவே விளக்கை எண்ணாமல் இம்பாலா என்று எழுதுவது பிழையாக முடியலாம். 1959-இல் எல்லா ரகத்துக்கும் ஒரே பூனைக்கண் என்பதால், அந்த ஆண்டுக்கு மட்டும் பக்கவாட்டில் உள்ள பெயர் முத்திரையையும் பீடிங் பட்டையையும் பார்த்துத்தான் ரகத்தைச் சொல்ல வேண்டும். அவை தெரியாவிட்டால் '1959 செவர்லே' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

காடிலாக்கில் 1948-இல் சிறிய இறக்கை தொடங்கி, 1959-இல் மிக உயரமாகி, அதன் நடுவே தோட்டா வடிவில் இரட்டை விளக்குகள் வந்தன. இறக்கை இருப்பதால் மட்டும் அமெரிக்கக் கார் என்று முடிவு கட்ட வேண்டாம்: 1959-இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸிலும் சிறிய இறக்கை உண்டு, ஆனால் அதன் ஹெட்லைட்டும் கிரில்லும் உயர்ந்து நிற்கும் விதம் முற்றிலும் வேறு.

7. ஒரே உடல், வேறு பெயர்

பல ஆண்டுகள் பழகியவர்களும் சறுக்கும் இடம் இது. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் கிரைஸ்லர் குழுமத்தின் கார்களைப் பாகங்களிலிருந்து பொருத்தி விற்றது. வெளிநாட்டுச் சந்தைக்கான டாட்ஜ் கிங்ஸ்வே என்பது பிளைமவுத்தின் உடலில் டாட்ஜ் பெயரைச் சூட்டிய கார். டிசோட்டோ டிப்ளமாட்டும் பிளைமவுத் உடலில் டிசோட்டோ கிரில்லைப் பொருத்தியதுதான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மூன்றையும் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் விற்ற டாட்ஜின் படத்தை வைத்து ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாமல் போய், அது டாட்ஜே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். ஏற்றுமதி மாடல்களின் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுடும் பென்ட்லி எஸ் வரிசையும் 1955-இல் ஒரே உடலுடன் வந்தவை. ரோல்ஸுக்கு நேர்கோட்டு முகப்பு, பென்ட்லிக்கு மேல்விளிம்பு வளைந்த முகப்பு. முன்புறம் தெரியாத காட்சியில் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

8. நம்பர் பிளேட்டை எந்த அளவுக்கு நம்புவது

அன்றைய மதராஸ் மாநிலப் பதிவுகள் 'எம்' எழுத்தில் தொடங்கும் மூன்று எழுத்துகளோடும், பிற்காலத்தில் 'டி' எழுத்தில் தொடங்கும் மூன்று எழுத்துகளோடும் இருந்தன. இன்றைய 'டிஎன்' முறை 1989-க்குப் பிந்தையது. எண் காரின் பதிவைச் சொல்லுமே தவிர மாடல் ஆண்டைச் சொல்லாது. கதைக்காகப் பலகையை மாற்றி மாட்டுவதும் வழக்கம். இருந்தாலும் எண்ணைக் குறித்து வையுங்கள். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின், கார்களைப் பாகங்களிலிருந்து பொருத்தும் பம்பாய் ஆலை 1954-இல் மூடப்பட்ட பிறகு செவர்லே கார்கள் இங்கே அரிதாயின. அதனால் ஒரே கார் பல படங்களில் திரும்பத் திரும்ப வரும். எண்ணும் ஒரு குறிப்பிட்ட பம்பர் நசுங்கலும் இரண்டு படங்களில் ஒத்துப்போனால், ஒரு படத்தில் தெரியாத பின்புறத்தை இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம்.

9. காட்சிக்குள் கார் மாறுகிறதா என்று பாருங்கள்

வெளிப்புறத்தில் ஓடுவது ஒரு கார், கோடம்பாக்கம் ஸ்டூடியோவுக்குள் பின்திரையில் சாலை ஓட, நாயகன் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பது வேறொரு கார். டேஷ்போர்டையும் ஸ்டியரிங் நடுவில் உள்ள முத்திரையையும் வைத்து வெளிக்காருக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்து, ஒத்துப்போனால் மட்டும் சேருங்கள்.

கொடைக்கானல் மலைப்பாதை போன்ற இடத்தில் கார் பள்ளத்தில் உருளும் காட்சியில் இன்னும் கவனம் வேண்டும். விலையுயர்ந்த காரை யாரும் உருட்டிவிட மாட்டார்கள். விளிம்பு வரை வந்தது ஒன்று, விழுந்தது அதே நிறம் பூசிய பழைய கார் ஒன்று என்பது அடிக்கடி நடக்கும். விழும் காரின் முன் கண்ணாடியைச் சட்டம் சட்டமாகப் பாருங்கள். வளைந்த கண்ணாடி திடீரென்று இரண்டு துண்டாக மாறியிருக்கும்.

10. ஒப்பிடுதல், கேட்டறிதல், பதிவு

இப்போதுதான் பெயரைச் சொல்ல வேண்டும். கையில் உள்ள குறிப்புகளை நிறுவனங்களின் விற்பனைக் கையேடுகளோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க நிறுவனங்களின் பழைய கையேடுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஓவியங்களைவிடப் புகைப்படங்களையே நம்புங்கள், ஏனென்றால் காரை நீளமாகவும் தாழ்வாகவும் காட்டுவதற்காக ஓவியர்கள் அளவுகளை இழுத்து வரைந்தார்கள். இன்று கண்காட்சிகளில் நிற்கும் புதுப்பிக்கப்பட்ட கார்களிலும் கிரில்லோ வீல் கப்போ வேறு ஆண்டிலிருந்து வந்திருக்கக்கூடும்.

மதுரையிலும் காரைக்குடிப் பக்கத்திலும் பெரிய வீட்டுக் கார்களை ஓட்டிய ஓட்டுநர்களும், அவற்றின் இன்ஜினைப் பிரித்துப் போட்ட மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அச்சிட்ட படத்தைக் காட்டி, "ஐயா, இது என்ன வண்டிங்க?" என்று மட்டும் கேளுங்கள். "இது இம்பாலாதானே?" என்று கேட்டால், வந்த பிள்ளையின் மனம் நோக வேண்டாமென்று ஆமாம் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பெயர் சொன்ன பிறகு, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைவிட அந்தக் காரணம்தான் அடுத்த காருக்கு உதவும்.

பதிவில் படத்தின் பெயர், நகல் எது, காட்சி வரும் நிமிடம், காட்சியின் ஒருவரி விவரம், தெரிந்த அடையாளங்கள், முடிவு ஆகியவை இருக்கட்டும். தொலைக்காட்சி நகல்கள் விநாடிக்கு 24 சட்டத்துக்குப் பதிலாக 25 சட்டமாக ஓடுவதாலும், காட்சிகள் வெட்டப்படுவதாலும், நிமிடக் கணக்கு நகலுக்கு நகல் மாறும். நகலைக் குறிப்பிடாமல் நிமிடத்தை மட்டும் எழுதினால் அடுத்தவரால் அந்தச் சட்டத்தைப் பிடிக்க முடியாது.

முடிவை மூன்று நிலையில் எழுதுங்கள். நிறுவனம், ஆண்டு, ரகம் மூன்றும் தனித்தனி அடையாளத்தால் உறுதியானால் 'உறுதி'. முகப்போ பின்புறமோ ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் 'பெரும்பாலும்', அதன் பக்கத்திலேயே தெரியாத பகுதி எது என்ற குறிப்பு. பக்கவாட்டு நிழல் மட்டும் கிடைத்திருந்தால் 'நிறுவனக் குழுமம் மட்டும்'. 'பெரும்பாலும்' என்று எழுதியவற்றை நோட்டின் தனிப் பக்கத்தில் வைத்து, அதே ஆண்டுகளில் வெளியான வேறு படம் ஒன்றைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.